ஏஎம்டி64, ஏஆர்எம்64: இரண்டுக்கும் படிமம் கட்ட எது தோது?

கொழும்பு அலுவலகத்தில் எங்களில் பாதிப் பேர் ஆப்பிள் எம் வரிசை மடிக்கணினியில் (ஏஆர்எம்64 வகைச் செயலி) வேலை செய்கிறோம், மற்றவர்கள் இன்டெலில் (ஏஎம்டி64 வகை). சர்வர்களை அமேசானின் ஏஆர்எம் செயலியான கிராவிட்டனுக்கு மாற்றத் தொடங்கியதும் ஒவ்வொரு கொள்கலன் படிமத்தையும் (நிரலும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய பொதி) இரு செயலிகளுக்கும் கட்டவேண்டி வந்தது. கியூஎமு எமுலேஷன் (மற்றச் செயலியை மென்பொருளால் போலச் செய்வது), கிராஸ் கொம்பைல் (ஒரு செயலியில் இருந்தபடி மற்றதற்கான நிரலைக் கட்டுவது), அந்தந்தச் செயலியிலேயே கட்டுவது என்று வழிகள் மூன்று. எதைப் பிடித்தாலும் கடைசியில் கிடைப்பது ஒரே பெயரின் கீழ் இரு படிமங்கள்தான்.

கியூஎமு சுலபம். படிமத்தைக் கட்டும் வரிகள் அடங்கிய டொக்கர்ஃபைலைத் தொடவே வேண்டாம். டொக்கரின் பில்ட்எக்ஸ் கட்டளையில் இரண்டு தளங்களையும் (செயலி வகைகளை) குறிப்பிட்டால் போதும். சில கோப்புகளை நகலெடுக்கும் சிறிய படிமத்துக்கு இதுவே தாராளம். ஆனால் கொம்பைல் என்று வந்தால் ஒவ்வொரு கட்டளையும் மொழிபெயர்க்கப்பட்டே ஓடும், நேரம் பல மடங்காகும். அந்த நேரத்துக்கு நாங்கள் டொலரில் கட்டணம் செலுத்துகிறோம். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் அந்த ஆண்டிலேயே 360ஐத் தாண்டியதைப் பார்த்தவர்களுக்கு, வாடகை இயந்திரத்தின் ஒவ்வொரு நிமிடமும் கண்ணில் படும். சார்பு நூலகம் ஒன்றின் பதிப்பு மாறினாலே கேஷ் (முன்பு கட்டியதன் சேமிப்பு) கலைந்து, அந்த வரியிலிருந்து கீழுள்ளதெல்லாம் மீண்டும் ஓடும். பாதுகாப்புத் திருத்தங்கள் அடிக்கடி வரும் காலத்தில் இது ஓயாத செலவு.

ஆகவே என் ஓட்டு கிராஸ் கொம்பைலுக்கே. எங்கள் சேவைகளில் பெரும்பாலானவை கோ மொழியில் எழுதப்பட்டவை. டொக்கர்ஃபைலில் கட்டும் கட்டத்தை பில்ட்பிளாட்ஃபோமில், அதாவது கட்டும் இயந்திரத்தின் சொந்தச் செயலியில், நிறுத்தி, கோ மொழியின் கோஆர்ச் மாறிக்கு இலக்குச் செயலியைக் கொடுத்தால், கொம்பைலர் சொந்த வேகத்தில் ஓடி ஏஆர்எம் கோப்பைத் தரும். இலக்குச் செயலியின் பெயரை டொக்கர் தரும் டார்கெட்ஆர்ச் மாறியை நூலகங்களை இறக்கும் வரிக்குக் கீழே அறிவியுங்கள். மேலே வைத்தால் அதே இறக்கம் இரு தளங்களுக்கும் தனித்தனியே நடக்கும். கீழே வைத்தால் ஒரே முறைதான். இன்னொன்று: இறுதிப் படிமம் உருவாகும் கட்டத்தில் கட்டளை ஓட்டும் 'ரன்' வரி ஒன்று இருந்தாலும் கியூஎமு பின்வாசலால் நுழைந்துவிடும். அங்கே நகலெடுக்கும் வரிகள் மட்டும் இருக்கட்டும்.

இதற்கும் குறை உண்டு. சி நூலகத்தைத் தொடும் கோ நிரலுக்கு, இலக்குச் செயலிக்கான தனிச் சி கொம்பைலர் தேவை. கட்டிய ஏஆர்எம் கோப்பை இன்டெல் இயந்திரத்தில் நேரடியாக ஓட்டிச் சோதிக்கவும் முடியாது. அதற்கு நாங்கள் இன்னும் கியூஎமுவைத்தான் அழைக்கிறோம்.

மூன்றாவது வழியை, அதாவது அந்தந்தச் செயலியிலேயே கட்டுவதை, கொஞ்ச காலமே பார்த்திருக்கிறேன், அதனால் அடித்துச் சொல்லமாட்டேன். வேகத்திலும் சோதனையிலும் அதுவே மேல். நிரல்களைச் சேமித்துக் கட்டும் தளமான கிட்ஹப், பொதுத் திட்டங்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து ஏஆர்எம் இயந்திரங்களை இலவசமாகத் தருவதால், திறந்த மூல வேலை செய்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. தனியார் திட்டம் என்றால் இரண்டு வகை இயந்திரங்களையும் ஏற்பாடு செய்யவேண்டும். எந்தத் திட்டமானாலும் இரு படிமங்களையும் பிறகு ஒரே பெயரின் கீழ் இணைக்கவேண்டும். ஏஆர்எம்முக்கான ஆயத்தப் பொதி கிடைக்காத பைத்தன் நூலகங்கள் நிறைய இருந்தால் மட்டும் அந்தச் சிரமத்தை ஏற்கலாம். எங்களிடம் அப்படிப்பட்ட சேவை ஒன்றுதான் இருக்கிறது, அதற்கு மட்டும் ஏஆர்எம் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருக்கிறோம்.