தைக் கலியாணமா, ஆவணிக் கலியாணமா? திருகோணமலையில் திருமணச் செலவுக்குப் பணம் சேர்க்கும் வழிகள்: ஓர் ஒப்பீடு

திருமணத்துக்குப் பணம் சேர்க்க வேண்டும் என்றவுடன், எந்த வழியில் கூடுதலாக உழைக்கலாம், எங்கே கூடுதலாக வட்டி கிடைக்கும் என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். திருகோணமலையில் இருப்பவர்கள் அதற்கு முன்னரே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உழைக்கும் பணம் எந்த மாதத்தில் கைக்கு வருகிறது, செலவு எந்த மாதத்தில் வாசலில் வந்து நிற்கிறது என்பதே அது. இந்த இரண்டு மாதங்களும் இங்கே பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை.

நிலாவெளி, உப்புவெளிக் கரைகளில் கடல் அமைதியாக இருப்பது ஏறத்தாழ மே தொடக்கம் செப்டெம்பர் வரைதான். புறாத்தீவுக்குப் படகு விடுபவர், வீட்டின் ஓர் அறையை வாடகைக்குக் கொடுப்பவர், முச்சக்கர வண்டி ஓட்டுபவர், சுற்றுலா வருபவர்களுக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பவர் ஆகிய எல்லோருடைய ஆண்டு உழைப்பும் அந்த ஐந்து மாதங்களுக்குள் அடங்கிவிடுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கி மாரி பிடித்துவிட்டால் கரை வெறிச்சோடிவிடும். இந்துக் குடும்பங்களோ ஆடி, புரட்டாதி, மார்கழி ஆகிய மாதங்களை விலக்கி நாள் வைப்பதால், மார்கழி முடிந்து தை பிறந்ததும் மண்டபங்களுக்கும் சமையல்காரருக்கும் மேளகாரருக்கும் ஒரே நேரத்தில் கிராக்கி ஏற்படுகிறது. ஆகவே, செப்டெம்பரில் நின்றுபோன வருமானம், இடையில் நான்கு மாத வீட்டுச் செலவையும் தாங்கிக்கொண்டு தை மாதம் வரை உயிரோடு இருக்க வேண்டியிருக்கிறது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த மாதக் கட்டுப்பாடு இல்லை; நோன்பு மாதத்தைத் தவிர்த்து, வருமானம் வரும் காலத்திலேயே நாளை வைத்துக்கொள்ள அவர்களால் முடியும் என்பது, மணமகன் மணமகளுக்குக் கொடுக்கும் மஹர், வலீமா விருந்து ஆகியவற்றுக்குத் திட்டமிடுவோருக்கு உண்மையிலேயே ஒரு வசதி.

தொடர்வதற்கு முன் ஓர் எல்லையை வகுத்துக்கொள்கிறேன். பெண்ணுக்குச் சீதனமாக வீடு கட்டிக் கொடுக்கும் செலவு இந்தக் கணக்குக்குள் வராது. அதைப் பற்றி எழுதத் தொடங்கினால் கணக்குப் போய்க் கோபம்தான் மிஞ்சும். இங்கே பேசுவது தாலிக்கொடி, கூறைச்சேலை, மண்டபம், மணவறை, சாப்பாடு, மேளம், படப்பிடிப்பு ஆகியவற்றுக்கான பணத்தைப் பற்றி மட்டுமே.

உழைப்பின் பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டால், கடற்கரைத் தொழிலுக்கு நேர் எதிரே நிற்பது வீட்டிலிருந்து செய்யும் தொழில். சீசன் காலத்தில் வார இறுதிகளில் மட்டும் முச்சக்கர வண்டி ஓட்டும் ஓர் அரச ஊழியர்கூட, போயா விடுமுறையும் பாடசாலை விடுமுறையும் சேர்ந்து வரும் நாட்களில் கன்னியா வெந்நீரூற்றுக்கும் கோணேஸ்வரத்துக்கும் நிலாவெளிக்குமாக மாறி மாறி ஓடி, கணிசமான தொகையைச் சேர்த்துவிட முடியும். ஆனால் அந்த வருமானம் நாட்டின் நிலைமையோடு கட்டுண்டது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின்னரும், 2020இல் கொரோனா முடக்கத்தின்போதும், 2022இல் எரிபொருள் வரிசைகள் நீண்டபோதும் கடற்கரை விடுதிகள் காலியாகக் கிடந்ததை இங்குள்ளவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. நான்கு ஆண்டுகளுக்குள் மூன்று முறை இடறிய ஒரு வருமானத்தை நம்பி மண்டபத்துக்கு முற்பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சீசன் உழைப்பு முதலில் வங்கிக்குப் போக வேண்டும், அதன் பிறகே நாள் குறிக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுத் தொழிலில் ஒரேயடியாகப் பெருந்தொகை வராவிட்டாலும், மாதம் தவறாமல் ஏதோ ஒரு தொகை வரும். சாதாரண தரப் பிள்ளைகள் இருபது பேருக்கு ரியூசன் கொடுத்து, ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்குவதாக வைத்துக்கொண்டால் மாதம் 30,000 ரூபாய். ஒன்றரை ஆண்டில் அது 5 இலட்சத்து 40 ஆயிரம். தையல் தெரிந்தவருக்குப் பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளிக் காலங்களில் கூடுதலாக வருமானம் வருவதோடு, தம் வீட்டுக் கலியாணத்துக்கான சாறி பிளவுஸ் கூலியும் மிச்சமாகிறது. மிளகாய்த்தூள், பலகாரம் செய்து கொடுப்பவர்களுக்கு இலண்டனுக்கும் கனடாவுக்கும் பொதி அனுப்பும் வீடுகள் நிரந்தர வாடிக்கையாளர்கள். இந்தத் தொழிலில் வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இருக்கிறது. தூளுக்கான செத்தல் மிளகாயையும் மல்லியையும் வறுப்பதற்கு முன் நன்றாக வெயிலில் காயவைக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் மாரியில் முற்றத்தில் பாய் விரிக்க முடியாது. ஈரம் இருந்த மிளகாயை அரைத்தால் தூள் கட்டிபட்டுப் பூசணம் பிடித்து, போன இடத்திலிருந்து முறைப்பாடு வரும். ஆகவே, மாரியிலும் தூள் விற்க நினைப்பவர் செப்டெம்பரிலேயே மிளகாயைக் காயவைத்துக் காற்றுப் புகாத வாளிகளில் அடைத்து வைத்திருக்க வேண்டும், அதற்கு முன்கூட்டியே முதல் போட வேண்டும். பயற்றம் பணியாரம், அரியதரம், முறுக்கு ஆகியவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. தைக் கலியாணங்களை முன்னிட்டு மார்கழிக் கடைசியிலிருந்தே அவற்றுக்கு ஓடர் வரத் தொடங்கும். அதே தையில் தம் வீட்டுக் கலியாணமும் இருந்தால் அந்த ஓடர்களைத் திருப்பி அனுப்ப வேண்டிவரும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

மூன்றாவது வழி வெளிநாடு. கட்டார், குவைத், சவூதி ஆகிய நாடுகளுக்கு இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் போய் வருவதால், மேற்சொன்ன இரண்டையும்விடக் கூடுதலான தொகை சேரும் என்பதில் சந்தேகமில்லை. எதிர்ப்பக்கத்தில் இருப்பவை இரண்டு. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு, மருத்துவப் பரிசோதனை, முகவருக்குக் கொடுப்பது என்று தொடக்கத்திலேயே ஒரு செலவு நிற்கிறது. அதைக் கடனாக வாங்கினால் முதல் சில மாதச் சம்பளம் அந்தக் கடனுக்கே போகும். இரண்டாவது, அனுப்பும் பணம் வீட்டாரின் கணக்குக்கு வந்தால் கூரை ஒழுகுவதற்கும், தம்பியின் தொலைபேசிக்கும், மருமகளின் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் கரைந்து, திரும்பி வரும்போது பாஸ் புத்தகத்தில் ஆயிரங்கள் மட்டும் மிஞ்சும். வீட்டாரின்மேல் இதில் குற்றம் சொல்ல முடியாது. கண்முன்னே பணம் இருக்கும்போது தேவைகள் தாமாகவே கிளம்பும். வீட்டுச் செலவுக்கு ஒரு தொகையை மாதந்தோறும் அனுப்பிவிட்டு, திருமணப் பணத்தைத் தம் பெயரில் வெளிநாட்டு நாணயக் கணக்கொன்றில் போடுவதுதான் வழி. 2022இல் டொலரின் பெறுமதி சில மாதங்களுக்குள் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் அளவுக்கு ஏறியபோது, டொலராக வைத்திருந்தவர்களின் கலியாணக் கணக்குக் குலையவில்லை.

மேலதிக நேர வேலையைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. கிடைத்தால் செய்யலாம், அது சம்பளத்தோடு சேர்ந்து வருவதால் சம்பளத்தோடு சேர்ந்தே செலவாகிவிடும், வேறாக்கி வைத்தால்தான் பயன். ஊழியர் சேமலாப நிதியத்தில் ஒரு பகுதியை இடையில் எடுப்பதற்கு வீடு, மருத்துவம் ஆகிய காரணங்களுக்கே இடமுண்டு. திருமணத்தின் பொருட்டு வேலையை விட்டு விலகும் பெண்கள் தம் பணத்தை எடுக்கலாம் என்ற விதி இருந்தாலும், ஒரு நாள் விருந்துக்காக முதுமைக்கு வைத்திருந்த பணத்தையும் கைவசமுள்ள வேலையையும் சேர்த்து இழப்பதை நான் யாருக்கும் சிபாரிசு செய்யமாட்டேன்.

உழைத்த பணத்தை எங்கே வைப்பது என்பதில்தான் உண்மையான போட்டி இருக்கிறது. சீட்டு, நிலையான வைப்பு, பவுண் ஆகிய மூன்றும் இங்குள்ளவர்களுக்குப் பழகியவை.

படித்தவர்கள் சிலர் சீட்டை இளக்காரமாகப் பேசுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் இழப்பு அவ்வளவு பெரியதல்ல. பத்துப் பேர் மாதம் 20,000 ரூபாய் வீதம் கட்டும் குலுக்கல் சீட்டில் கடைசியாக எடுப்பவர், அதே பணத்தை மாதாமாதம் 8 வீத வட்டிக்குப் போட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய ஏறத்தாழ 6,000 ரூபாயை இழக்கிறார். 2 இலட்சம் ரூபாயைத் தவறாமல் சேர்த்துத் தந்ததற்கான கூலியாக அதை எண்ணிக்கொள்ளலாம். நாமாகவே போடுவதாக நினைத்திருக்கும் வங்கிப் பணத்தைப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த மாதத்தில் போடாமல் விட்டுவிடுவோம். சீட்டுப் பிடிக்கும் அக்கா காசு கேட்டு வந்து நின்றால் எப்படியாவது கொடுத்துவிடுவோம். நாளை ஒட்டி எடுத்துக்கொள்ளும் வசதியும் சீட்டில் இருக்கிறது. சில்வர் கிண்ணத்துக்குள் பெயர்த் துண்டுகளை மடித்துப் போடுவதற்கு முன்னரே, “அக்கா, எனக்குத் தையிலை கலியாணம், எட்டாவதை எனக்கு விடுங்கோ” என்று கேட்டால், பெரும்பாலும் மற்றவர்கள் மறுப்பதில்லை. ஆபத்து இருப்பது முன்னே எடுத்தவர்கள் பின்னே கட்டாமல் விடுவதிலும், சீட்டுப் பிடிப்பவர் ஊரைவிட்டுப் போய்விடுவதிலுமே. ஒரே அலுவலகத்தில் சம்பளம் வாங்குபவர்கள் கூடிப் போடும் சிறிய சீட்டுக்கும், முகம் தெரியாத ஐம்பது பேர் சேர்ந்த ஏலச்சீட்டுக்கும் பெயர் ஒன்றானாலும் நம்பிக்கை ஒன்றல்ல. பின்னதில் கலியாணப் பணத்தைப் போடக்கூடாது.

நிலையான வைப்பு சீசன் பணத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்துகிறது. செப்டெம்பர் இறுதியில் கையில் 4 இலட்சம் இருந்தால், அதை மூன்று மாத வைப்பில் போடும்போது 8 வீத வட்டியில் 8,000 ரூபாய் கிடைக்கும்; 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் பிடிக்கப்படும் 10 வீத வரி போக 7,200 ரூபாய். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு மேற்படாதவர்கள் வங்கியில் சுயவெளிப்படுத்தல் படிவத்தைக் கொடுத்தால் அந்த வரியும் பிடிக்கப்படாது. பலர் இதைக் கேட்பதே இல்லை. வட்டி சிறிதுதான் என்றாலும், மாரி காலத்தில் அந்தப் பணத்தின்மேல் கை போகாமல் பூட்டி வைப்பதே இதில் கிடைக்கும் பெரிய இலாபம். தேசிய சேமிப்பு வங்கியில் உள்ள வைப்புகளுக்கு அரசின் முழு உத்தரவாதம் உண்டு. உரிமம் பெற்ற ஏனைய வங்கிகளிலும் நிதி நிறுவனங்களிலும் ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபாய் வரை காப்புறுதி இருக்கிறது. வட்டியை மட்டும் பார்த்து அந்த எல்லைக்கு மேல் ஒரே நிதி நிறுவனத்தில் போடுவது தேவையில்லாத துணிச்சல். 2022 போன்ற ஆண்டில் வைப்பு தோற்றுப்போகும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அந்தச் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. எந்த வங்கியின் வட்டியும் அதை எட்டவில்லை.

பவுணைப் பொறுத்தவரை, 2020 தொடக்கத்தில் ஒரு இலட்சம் ரூபாய்க்கும் குறைவாக இருந்த ஒரு பவுண் 2025 முடிவதற்குள் மூன்று இலட்சத்தைத் தாண்டியது என்ற ஒரே காரணத்தைக் காட்டிப் பலர் எல்லாப் பணத்தையும் தங்கத்தில் போடச் சொல்கிறார்கள். அதே பவுண் 2023 மார்ச்சில் ரூபாய் வலுத்தபோது சட்டென்று இறங்கியதை அவர்கள் சொல்வதில்லை. தங்கத்தை நான் வேறு விதமாகப் பிரித்துப் பார்க்கிறேன். தாலிக்கொடிக்கு எத்தனை பவுண் வேண்டுமோ அத்தனையும் எப்படியும் வாங்கியாக வேண்டியவை. அவற்றை இரண்டு ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக வாங்கி வைத்தால் விலை ஏறினாலும் இறங்கினாலும் சராசரியில் நின்றுகொள்ளலாம். மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டிய பணத்தைத் தங்கமாக்குவது வேறு. விற்க வேண்டிய வாரத்தில் விலை எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாங்குவதை நாணயமாக வாங்க வேண்டும். நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் வாங்கும் அன்றே போய்விடுகின்றன, அழித்துக் கொடி செய்யும்போது மறுபடியும் கூலி. பொன்னுருக்கலன்று மாப்பிள்ளை வீட்டில் ஆசாரியார் உருக்குவதும் நாணயத்தைத்தான்.

இவை எல்லாவற்றுக்கும் போட்டியாக, ஒரு ரூபாயும் உழைக்காமல் பணம் சேர்க்கும் வழி ஒன்றிருக்கிறது. ஒரு சாப்பாடு 1,500 ரூபாய் என்றால், அழைப்பில் நூறு பேரைக் குறைப்பது 1 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய்; மேலே சொன்ன ரியூசனில் அது ஐந்து மாத உழைப்பு. கோயிலில் தாலி கட்டி, நெருங்கியவர்களுக்கு வீட்டில் விருந்து வைப்பவர்களின் தொகை கூடிவருவதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம். வரும் அன்பளிப்புக் கவர்களை நம்பி ஆட்களைக் கூட்டுவது பலன் தராது, ஏனென்றால் ஒவ்வொரு கவரும் திருப்பிக் கொடுக்க வேண்டிய கடனாகக் கொப்பியில் எழுதப்படுகிறது.

ஆகவே, தைக் கலியாணம் என்றால் சீசன் உழைப்பும் நிலையான வைப்பும், மாதாந்த வருமானத்திலிருந்து ஒவ்வொன்றாக வாங்கும் நாணயமும் பொருந்தும். ஆவணிக் கலியாணம் என்றால் சீசன் நடுவில் வேலையை விட்டுவிட்டுப் பந்தல் வேலை பார்க்க வேண்டியிருப்பதால், அந்த ஆண்டின் கடற்கரை வருமானத்தைக் கணக்கில் சேர்க்காமல், முந்திய ஆவணியிலிருந்து வீட்டுத் தொழிலையும் அலுவலகச் சீட்டையும் நம்புவதே நல்லது. வெளிநாட்டில் இருப்பவர்கள் நாளைத் தாம் திரும்பிய பிறகு வைத்துக்கொள்ளட்டும். விடுமுறைக்கு வந்து இரண்டு கிழமைக்குள் கட்டிக்கொண்டு போகும் கலியாணத்தில் எதற்கும் பேரம் பேச நேரமிருக்காது.

வைப்பு முதிர்வதற்கு முன்பே கலியாண நாள் வந்துவிட்டால் அதை முறிக்க வேண்டாம். முறித்தால் வட்டி குறையும். வைப்பின் மீது வங்கியே கடன் கொடுக்கும். முதிர்வுத் திகதிக்கும் நாளுக்கும் இடையில் இரண்டு மூன்று கிழமைதான் என்றால் அந்தக் கடனுக்கான வட்டி, தாயின் சங்கிலியை அடகு வைப்பதையும், வீடு தேடி வரும் நுண்கடன்காரரிடம் கையெழுத்துப் போடுவதையும் விடக் குறைவாகவே வரும். வைப்பைப் போடும் அன்றே முதிர்வுத் திகதியைப் பஞ்சாங்கத்தோடு வைத்துப் பார்த்துவிட்டால் அதற்கும் தேவை ஏற்படாது.