சஃபோக் கடற்கரையில் சைக்கிள் பயணம்: சில ஆண்டு அனுபவம்

இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் உள்ள சஃபோக் கடற்கரைக்குச் சில ஆண்டுகளாகவே சைக்கிளோடு போய்வருகிறேன். பின்சக்கரத்தின் இரு பக்கமும் பைகளை மாட்டிக்கொண்டு, வழியில் தங்கித் தங்கி ஓட்டும் பயணம். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கிலோமீட்டரைக் கணக்குப் போட்டுத் திட்டமிடாதீர்கள், படகு ஓடும் நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள் என்பதுதான்.

ஸ்டவர், ஓர்வெல், டீபென், ஆல்ட், பிளைத் என்று ஐந்து ஆறுகள் இங்கே அடுத்தடுத்துக் கடலில் சேருகின்றன. ஒவ்வொன்றும் அகன்ற கழிமுகம். பாலங்களோ கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கின்றன. ஃபீலிக்ஸ்டோ ஊருக்கு வடக்கே, டீபென் கடலில் கலக்கும் இடத்தில் நின்று பார்த்தால் எதிர்க்கரையான பாட்ஸி கூப்பிடு தூரம். சாலை வழியே போனால் மெல்டன் வரை ஏறி, வில்ஃபோர்ட் பாலத்தைக் கடந்து, மறுபடி இறங்க வேண்டும். 30 கிலோமீட்டருக்குக் குறையாது.

இந்த இரு கரைகளுக்கும் நடுவே ஒரு படகு ஓடுகிறது, அந்தத் துறை எனக்கு ரொம்பப் பிடித்த இடம். பாட்ஸி பக்கத் துறையில் ஒரு மட்டை இருக்கும். அதைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினால் அக்கரையில் இருக்கும் படகுக்காரர் பார்த்துவிட்டுக் கிளம்பி வருவார். ஏறுவதற்கு முன்பே பைகளைக் கழற்றி வைத்துவிடுங்கள். முதலில் பைகள், அப்புறம் சைக்கிள், கடைசியில் நாம். பாரத்தோடு சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தால் படகுக்காரருக்கும் முதுகு வலி, நமக்கும் முதுகு வலி. கோடையில் தினமும் ஓடும், பருவத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வார இறுதி மட்டும், குளிர்காலத்தில் கிடையாது. காற்று பலமாக இருந்தால் நிறுத்திவிடுவார்கள், ஆகவே காலையிலேயே விசாரித்துக்கொள்வது நல்லது.

ஓர்ஃபோர்ட் போகும் வழியில் பட்லி ஓடையில் இன்னொரு படகு உண்டு. தன்னார்வலர்கள் துடுப்புப் போட்டு அக்கரை சேர்ப்பார்கள், கோடை மாதங்களில் வார இறுதியில் மட்டும். இங்கே துறைக்குப் போக ஆற்றங்கரை மேட்டில் புல்லுக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். சுற்றிப் போகும் சாலை அப்படியொன்றும் நீளமில்லை, அதனால் நேரம் மிச்சமாகும் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனாலும் துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காத அந்தச் சில நிமிடங்களுக்காகவே நான் பயணத்தை வார இறுதியில் வைத்துக்கொள்கிறேன்.

இங்கே ஒரு சட்ட விஷயம். இங்கிலாந்தில் நடைபாதை என்று குறித்திருக்கும் வழிகளில் சைக்கிள் ஓட்ட உரிமை இல்லை. குதிரைப் பாதைகளில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் அனுமதி தருகிறது. கழிமுகக் கரைகளின் மேல் போகும் அழகான பாதைகளில் பெரும்பாலானவை நடைபாதைகள்தான். வரைபடத்தில் தண்ணீரை ஒட்டிப் போகும் கோட்டைப் பார்த்து ஆசைப்படாமல், அது எந்த வகைக் கோடு என்று பாருங்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் 212, 231 ஆகிய இரண்டு தாள்களில் டீபெனுக்கு வடக்கே உள்ள பெரும்பகுதி வந்துவிடும். ஃபோனில் இருக்கும் வழிகாட்டிகள் இந்த வேறுபாட்டைப் பல நேரம் சரியாகக் காட்டுவதில்லை.

ஆறுகளுக்கு நடுவே இருப்பது ஹீத் நிலம். சாண்ட்லிங்ஸ் என்பது இந்தப் பட்டையின் பெயர். மரமே அதிகமில்லாத மணல் வெளி. ஹெதர், கோர்ஸ் புதர்கள், பிராக்கன் பெரணி. தானாக அப்படி நிற்கும் நிலமல்ல இது. நூற்றாண்டுக் கணக்காக ஆடு மேய்ந்ததால்தான் காடாகாமல் வெளியாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் பெரும்பகுதி வயலாகவும் பைன் தோப்பாகவும் மாறிவிட்டது. ரெண்டில்ஷம் காடு அப்படி நட்டதுதான். அதிலும் 1987 அக்டோபர் புயலில் ஏராளமான மரங்கள் சாய்ந்தன. மிச்சமிருக்கும் வெளிகளில் சட்டன், டன்ஸ்டல், வெஸ்டில்டன், டனிச் ஆகியவை எனக்குப் பழக்கமானவை.

மணல்தான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பிரிட்டனில் மழை குறைந்த பகுதிகளில் ஒன்று இது. கோடையில் சில வாரம் மழை இல்லாவிட்டால் ஹீத் தடங்கள் மாவாகிவிடும். முன்சக்கரம் புதைந்து ஒரு பக்கமாக இழுக்கும், பின்சக்கரம் சும்மா சுற்றும். அதே தடம் மழை பெய்த மறுநாள் இறுகிக் கெட்டியாக இருக்கும். மற்ற ஊர்களில் மழைக்குப் பிறகு மண் பாதையைத் தவிர்ப்போம். இங்கே மழைக்குப் பிறகுதான் போக வேண்டும். முன்பு 32 மி.மீ. அகல டயரில் ஓட்டினேன், இப்போது 42. காற்றைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் மணலில் மிதந்து போகிறது, தார்ச் சாலையில் வேகம் அப்படியொன்றும் குறையவில்லை. ஆழமான மணல் வந்தால் இலகுவான கியருக்கு மாறி, உடலைப் பின்னால் சாய்த்து, ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு மிதியுங்கள். இறுக்கிப் பிடித்தால் விழுவது உறுதி.

எப்போது போவது என்றால், ஹெதர் முழுதாகப் பூத்து அந்த வெளியெல்லாம் ஊதாவாக மாறும் ஆகஸ்ட். கூட்டம் பிடிக்காதவர்களுக்கு மே மாதக் கடைசி. அந்தி சாய்ந்ததும் பக்கிப் பறவைகளின் நீண்ட ரீங்காரம் தொடங்கும், நிறுத்தாமல் பல நிமிடம். அவை தரையில் முட்டையிடுகிறவை, அதனால் தடத்தை விட்டு இறங்கவே கூடாது. புல் உரசும் இடங்களில் உண்ணி உண்டு. மாலையில் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். மின்ஸ்மியர் பறவைச் சரணாலயம் வழியிலேயே இருக்கிறது. பிரிட்டனில் முட்டையிடுவதையே நிறுத்தியிருந்த கோணமூக்கு உள்ளான் 1947-இல் இந்தக் கரைக்குத் திரும்பிவந்தது. அரை நாள் ஒதுக்கலாம்.

பலகை நட்ட சைக்கிள் பாதைகளைப் பற்றி என் கருத்து: முதல் முறை போகிறவர்களுக்குப் போதும், ஆனால் அவை பெரும்பாலும் தாரிலேயே போகின்றன. வண்டிகள் குறைந்த கிராமச் சாலைகள்தான், குறையொன்றும் இல்லை. ஹீத்தைப் பார்க்க வேண்டுமானால் குதிரைப் பாதைகளில் இறங்கியே ஆக வேண்டும். லெய்ஸ்டன் சுற்றுவட்டாரத்தில் சைஸ்வெல் சி அணுமின் நிலையக் கட்டுமான லாரிகள் ஓடுகின்றன. அங்கே பெரிய சாலைகளை நான் தொடுவதே இல்லை.

வடக்கே பிளைத் ஆற்றில் வால்பர்ஸ்விக்கிலிருந்து சவுத்வோல்ட் பக்கம் போகத் துடுப்புப் படகு உண்டு. அது இல்லாத நாளில் கவலை வேண்டாம். 1929 வரை சிறு ரயில் ஓடிய பழைய தடத்தில், சற்று மேலே ஒரு பாலம் இருக்கிறது, சைக்கிளோடு கடக்கலாம். பிளைத்பரோவில் ஏ12 சாலையில் ஏறிச் சுற்றி வருவதை மட்டும் செய்யாதீர்கள். லாரிகள் தோளை உரசிப் போகும்.

வண்டிப் பராமரிப்பில் செலவு வைப்பது உப்பும் மணலும். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் போடாவிட்டால் சங்கிலி சீக்கிரமே தேய்ந்துவிடுகிறது. மணல் ஒட்டிய சங்கிலிக்கு மேலேயே எண்ணெய் விட்டால் இன்னும் மோசம். ரிம்மைப் பிடிக்கும் பிரேக் என்றால் மணல் ரிம்மையே அரைத்துவிடும். டிஸ்க் பிரேக்குக்கு மாறிய பிறகு அந்தத் தொல்லை இல்லை. வேலிச் செடிகளை வெட்டும் மாதங்களில் கிராமச் சாலையெங்கும் முள் கிடக்கும், உபரி டியூப் கையில் இருக்கட்டும்.

திரும்புவதற்கு இப்ஸ்விச், லோவஸ்டாஃப்ட் இடையே ஓடும் ரயில் கைகொடுக்கும். டார்ஷம், சாக்ஸ்மண்டம், உட்பிரிட்ஜ் எல்லாம் அதில்தான். சைக்கிளுக்கு இடம் குறைவு, கோடை ஞாயிறு மாலைகளில் நிரம்பிவிடும். முடிந்தால் திங்கள் காலை ரயிலில் கிளம்புங்கள்.