டஸ்கனியா, புலியாவா?

வீட்டை இத்தாலியப் பண்ணைவீட்டுப் பாணியில் அமைக்க நினைத்தால், பலருக்கும் மத்திய இத்தாலியின் டஸ்கனிதான் நினைவுக்கு வரும். தலைக்கு மேல் செஸ்ட்நட் மர உத்தரங்கள், காலடியில் சுட்ட மண் ஓடு. அந்த ஓட்டுக்குப் பேர்போன ஊர் ஃபிளாரன்ஸ் பக்கத்திலுள்ள இம்ப்ருனேத்தா. கையால் அறுத்த ஓடுகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது. ஒன்று வெளிறிய ரோஜா நிறம், அடுத்ததில் கருகிய விளிம்பு. அழகே அதுதான். ஆனால் எண்ணெய், ஒயின் எது சிந்தினாலும் உறிஞ்சிக்கொள்ளும். ஆளிவிதை எண்ணெயும் மெழுகும் பூசிப் பராமரிக்க வேண்டும், சோம்பேறிகளுக்குச் சரிப்படாது.

இத்தாலியின் தெற்கே உள்ள புலியா பகுதியின் பண்ணைவீடான மஸ்ஸேரியா வேறு ரகம். சுண்ணாம்புக்கல் சுவர், வளைந்த கல் கூரை, அதன்மேல் வெள்ளையடிப்பு. வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும், செலவும் குறைவு. அப்புறம், அங்கே மண்பாண்டத்துக்குப் பேர்போன க்ரொத்தால்யே ஊர்த் தட்டுகள் நாலைந்தைச் சுவரில் மாட்டினால் போதும், அலங்காரம் முடிந்தது.

சின்ன ஃபிளாட் என்றால் என் தேர்வு புலியாதான். உத்தரம் போட்டால் தாழ்ந்த கூரை இன்னும் தாழ்ந்து தெரியும். அதிலும் பிளாஸ்டிக் உத்தரம் வேண்டவே வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: பிளாஸ்டிக் பெயின்ட் அடித்த சுவரில் சுண்ணாம்பு சரியாகப் பிடிக்காது, முதலில் சுரண்டி எடுத்தாக வேண்டும்.