முதிரை மரத்தில் செய்த ஒக்ஸ்போர்ட் துவக்கு

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பழைய சாமான் சேர்க்கிற ஆட்கள் இதைக் கொஞ்சம் வாசியுங்கள். எனக்கு 60,000 ரூபாய் போய்விட்டது.

நான் சேர்ப்பது இரண்டாம் உலகப்போர்க் காலத்துச் சாமான்கள்: தண்ணீர்ப் போத்தல், பித்தளைப் பொத்தான், லாந்தர், உடைந்த ஒரு திசைகாட்டி. துவக்குப் பக்கம் போனதில்லை. லைசன்ஸ் இல்லாமல் வைத்திருக்கவும் முடியாது, எங்கள் ஊரில் அந்தச் சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்கு இப்பவும் கை நடுங்கும். ஆனால் ஸ்விஃப்ட் என்று ஒரு பயிற்சித் துவக்கு இருக்கிறது, அது சுடாது. 1940களின் தொடக்கத்தில் ஒக்ஸ்போர்டில் இருந்த ஒரு கம்பனி, ரவையைச் செலவழிக்காமல் ஆட்களுக்குக் குறிபார்க்கப் பழக்குவதற்காகச் செய்தது. விசையை அழுத்தினால் குழல் நுனியிலிருந்து ஊசி பாய்ந்து, முன்னால் சட்டத்தில் மாட்டியிருக்கும் கடதாசியில் குத்தும். பிடங்கைத் தோளோடு சரியாக அழுத்திப் பிடிக்காவிட்டால் விசை வேலையே செய்யாது. இதைப் பற்றி வாசித்த நாளிலிருந்து எனக்கு அதே நினைப்புத்தான்.

போன மாசியில் முகநூலில் ஒருவர் படம் போட்டிருந்தார். தன் அப்பப்பா சீனக்குடா விமானப்படை முகாமில் வேலை செய்தவர், வெள்ளைக்காரன் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது என்றார். நம்பக்கூடிய கதைதானே? முதலில் 20,000 வங்கியில் போட்டேன், மிச்சம் 40,000 கல்முனை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கையில் கொடுத்தேன். சாமான் உரப்பையில் சுற்றிக் கட்டியிருந்தது. "இஞ்ச அவிழ்க்காதீங்க அண்ணன், வடிவத்தப் பாத்தா ஆரும் பொலிசுக்கு அடிச்சிருவாங்க" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இப்போது யோசித்தால் அந்த ஒரு வசனத்துக்குத்தான் அவர் காசு வாங்கியிருக்கிறார்.

பஸ்ஸில் மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு வியர்த்து வியர்த்து வந்தேன். பக்கத்தில் இருந்த ஐயா "என்ன தம்பி, மண்வெட்டிப் பிடியா?" என்று கேட்டார், ஓம் என்றேன். அவர் சொன்னதுதான் கிட்டத்தட்டச் சரி.

வீட்டில் அவிழ்த்ததும் சப்பாத்துப் பொலிஷ் மணம். அப்பா தச்சு வேலை செய்தவர், நகத்தால் ஒரு ஓரத்தைச் சுரண்டினார், உள்ளே மஞ்சளாக மினுங்கியது, மணந்து பார்த்துவிட்டு "டேய், இது முதிரை" என்றார். நம்முடைய காட்டு மரம் எப்போது ஒக்ஸ்போர்டுக்குப் போனது? குழல் என்று இருந்தது தண்ணீர்ப் பைப், நுனியில் மரை வெட்டியதுகூடத் தெரிகிறது. ஆணி எல்லாம் நட்சத்திரத் தலை ஆணி, ஹார்ட்வெயார் கடையில் பக்கெட்டில் வருகிறதே, அதே சாமான். 1942 என்று அடித்திருந்த எண்ணில் 4 மட்டும் சரிந்து நின்றது. பிடங்கை அழுத்தினால் அசைவே இல்லை.

விற்ற ஆளுக்கு ஃபோன் எடுத்தேன். "பொலிசுக்குப் போங்க, துவக்கு வாங்கப் போன கதையையும் சேர்த்துச் சொல்லுங்க" என்று சிரித்தார். நாலு நாள் வாயே திறக்கவில்லை நான். அப்புறம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டினேன், இது பைப்பும் கட்டையும்தானே, ஏமாற்றிக் காசு வாங்கியதற்கு முறைப்பாடு கொடு, வங்கி ரசீதும் மெசேஜும் கொண்டு போ என்றார். கொடுத்திருக்கிறேன். காசு இன்னும் வரவில்லை.

யாராவது ஸ்விஃப்ட் என்று கொண்டு வந்தால், பிடங்கை அழுத்தி ஊசி வெளியே பாய்கிற வீடியோ கேளுங்கள். இன்னொன்று, அணிவகுப்புப் பயிற்சிக்கென்று டி.பி. முத்திரை அடித்த பழைய லீ என்ஃபீல்டும் இருக்கிறது, அது முதலில் உண்மையான துவக்காக இருந்து பிறகு பயிற்சிக்கு ஒதுக்கியது. பயிற்சிச் சாமான்தானே என்று அதில் கை வைத்து வில்லங்கத்தில் மாட்ட வேண்டாம்.

போன கிழமை அதே ஆள் வேறு பெயரில் திரும்பப் படம் போட்டிருக்கிறார். இந்தத் தடவை கதை, ஹேர்மிஸ் கப்பலில் இருந்து சுழியோடி எடுத்ததாம். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டு மட்டக்களப்புக் கடலில் தாழ்ந்த கப்பல், 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. 80 வருசத்துக்கு மேல் உப்புத்தண்ணீரில் ஊறிய கட்டை அப்படிப் பளபளக்குமா? விலை இப்போது 90,000. பின்னால் தொங்குவது அதே நீலப் பூப்போட்ட திரைச்சீலை, ஆணியும் அதே நட்சத்திரத் தலை.