'ஏஐ சப்டைட்டில்' வந்த பிறகு: மூன்று வருடச் சந்தாதாரரின் அனுபவம்

"அந்த வீடியோ தளத்தில் ஆண்டுச் சந்தாவைக் குறைத்திருக்கிறார்களே, நீங்கள் ரொம்ப நாளாக வைத்திருக்கிறீர்கள், எடுக்கலாமா?" என்று நேற்று நண்பர் கேட்டார். ஒரு வார்த்தையில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

முதலில் நல்லது. படத்தின் தரத்தில் மூன்று வருடமாக ஒரு குறையும் இல்லை. இணையம் மெதுவானால் படம் நின்று சுற்றிக்கொண்டிருக்காது, தரத்தைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு ஓடும். இணையம் சரியானதும் தானே ஏறிவிடும். டவுன்லோடு செய்து வைத்தவையும் ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

ஆனால் நான் சந்தா கட்டியது இதற்காக இல்லை. அம்மாவுக்குக் காது மந்தம். கருவி போட்டாலும் வசனம் பிடிபடாது. இந்தத் தளத்தின் சப்டைட்டில் வசனத்தோடு நிற்காது. யார் பேசுகிறார்கள், பக்கத்து அறையில் போன் அடிக்கிறதா, எல்லாம் வரும். ஒரு படத்தில் கணவன் ஜன்னலைப் பார்த்தபடி நிற்கிறான். கீழே 'கதவு சாத்தும் சத்தம்' என்று ஒரு வரி. அவன் திரும்புவதற்குள் அம்மா, "போயிட்டாளா?" என்றார். எங்களுக்குத் தெரிந்த அதே நொடியில் அவருக்கும் தெரிந்தது. அந்த ஒரு வரிக்காகவே இரண்டு முறை சந்தாவைப் புதுப்பித்தேன்.

போன வருடம் முகப்பில் 'ஏஐ சப்டைட்டில்' என்று பெரிதாகப் போட்டார்கள். அன்றிலிருந்து புதிதாக ஏறும் படங்களில் கதவுச் சத்தமும் இல்லை, பேசுபவர் பெயரும் இல்லை. பின்னணி இசை கொஞ்சம் உயர்ந்தால் வசனமே காணாமல் போகிறது. ஒரு காட்சியில் மகள் அழுதுகொண்டே "நான் போகலம்மா" என்கிறாள். திரையில் வந்தது: 'நான் போகலாமா?' அம்மா என்னைப் பார்த்து, "போகத்தானே கேக்குறா, அப்புறம் ஏன் அழறா?" என்றார். படத்தை நிறுத்தி நான் விளக்க வேண்டியிருந்தது.

பேச்சைக் கேட்டுத் தானாக எழுத்தாக்குவது புதிய வித்தையும் இல்லை. யூடியூப் 2009லேயே அதைக் கொண்டுவந்தது. இயந்திரம் எழுதியதை வீடியோ போட்டவர் திருத்திக்கொள்ள அங்கே வழியும் உண்டு. இந்த நுட்பத்தின் மேல் எனக்குக் கோபமே இல்லை. சப்டைட்டிலே இல்லாத ஆயிரம் வீடியோக்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் பேச்சு வழக்கு, ஒரே நேரத்தில் இருவர் பேசுவது, இசைக்கு நடுவே முணுமுணுப்பது என்று வந்தால் அது தடுமாறும். பிறகு ஒரு மனிதர் உட்கார்ந்து திருத்தத்தான் வேண்டும். இங்கே அப்படி யாரும் பார்த்த அடையாளமே இல்லை.

பரிந்துரைகளுக்கும் 'ஏஐ தேர்வு' என்று பெயர் மாற்றினார்கள். உள்ளே அதே பட்டியல். கடைசியில் ஓடும் பெயர்களைப் பார்க்காமல் மூடினால், முழுதாகப் பார்த்த படமும் 'தொடர்ந்து பார்க்க' வரிசையிலேயே கிடக்கிறது. கதை எங்கே முடிகிறது என்று ஒரு குறி வைத்தால் தீர்ந்துவிடும். பரிந்துரை எளிய வேலை என்று நான் சொல்லவில்லை. நெட்ஃபிளிக்ஸ் 2006ல் போட்டி அறிவித்து, யாருக்கு எந்தப் படம் எவ்வளவு பிடிக்கும் என்ற கணிப்பை 10 சதவீதம் மேம்படுத்திய குழுவுக்கு 2009ல் 10 லட்சம் டாலர் கொடுத்தது. வென்ற அந்த முறையை முழுதாகப் பயன்படுத்தவில்லை, கிடைக்கும் பலன் உழைப்புக்கு ஈடாகாது என்று பின்னர் அவர்களே எழுதினார்கள். எனக்குப் பிடித்தது அந்த நேர்மைதான்.

சப்டைட்டில் பற்றி மூன்று முறை புகார் எழுதினேன், நிமிடக் கணக்கோடு. 'எங்கள் ஏஐ தொடர்ந்து கற்றுக்கொண்டிருக்கிறது' என்று மூன்று முறையும் ஒரே பதில். போன வாரம் அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். இன்னும் 'போகலாமா?' தான்.

பழைய படங்களுக்குப் பழைய சப்டைட்டில் அப்படியே இருக்கிறது. படத்தரம் நன்று, விலையும் இறங்கியிருக்கிறது. அதனால் எடுக்கலாம் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத அந்தக் காட்சிதான் கண் முன்னால் நிற்கிறது. எடுக்க வேண்டாம் நண்பரே. எங்கள் சந்தா 18ஆம் தேதி முடிகிறது. அம்மா பார்த்துக்கொண்டிருக்கும் பழைய தொடரில் இன்னும் ஆறு எபிசோடு பாக்கி. அதற்குள் முடித்துவிடுவோம்.