11 பேருக்குப் பரிசோதனை: நாகர்கோவிலில் ஓர் இதய சிகிச்சை நிலையம்

சென்ற ஆனியில், புத்தனாறு சானலில் தண்ணீர் திறந்துவிட்ட புதிதில், நீந்திக்கொண்டிருந்த என் தம்பி மகள் நினைவிழந்தாள். உடன் குளித்தவர்கள் உடனே தூக்கியதால் பிழைத்தாள். அதற்கு முன் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் விழுந்ததை வலிப்பு என்று முடிவுசெய்து, வேறோர் இடத்தில் 2 ஆண்டுகள் மாத்திரை கொடுத்திருந்தார்கள். ஓர் ஈசிஜி கூட எடுக்கவில்லை. நாகர்கோவிலிலுள்ள இந்தத் தனியார் நிலையத்துக்கு நாங்கள் போனது அதன் பிறகுதான்.

மருத்துவர் முதலில் தொட்டது ஸ்டெதஸ்கோப்பை அல்ல, ஒரு வெள்ளைத் தாளை. மூன்று தலைமுறைக்குக் குடும்ப மரம் வரைந்தபடி, நீச்சல் தெரிந்தும் மூழ்கி இறந்தவர் உண்டா, காரணம் தெரியாமல் இளவயதில் போனவர் உண்டா, பிறவியிலேயே காது கேளாதவர் உண்டா என்று அரை மணி நேரம் கேட்டார். ஊர்க் குளத்தை இக்கரைக்கும் அக்கரைக்கும் நீந்தக்கூடிய எங்கள் சித்தப்பா 22 வயதில் அதே குளத்தில் இறந்ததையும், பேய் இழுத்துவிட்டது என்றே வீட்டில் இன்றுவரை சொல்லிவருவதையும் என் அம்மா தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் சிரிக்காமல் அந்தப் பெயருக்கு எதிரே ஒரு குறியிட்டார். இந்த நிலையத்தை நான் மதிப்பதற்கு அந்த அரை மணி நேரமே போதும்.

ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இதயத்தின் மின்னோட்டம் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரத்தை ஈசிஜியில் க்யூடி இடைவெளி என்பார்கள். துடிப்பு வேகத்துக்கேற்பத் திருத்திய அளவு பெண்களுக்கு 460 மில்லிவிநாடியைத் தாண்டினால் நீண்ட க்யூடி நோயாக இருக்குமோ என்று சந்தேகம். துடிப்பு திடீரெனத் தாறுமாறாகி, நினைவிழக்கவோ இறக்கவோ வைக்கும் பரம்பரை நோய் அது. 500ஐத் தாண்டினால் ஆபத்து கூடுதல். இயந்திரம் அச்சிட்டது 462. மருத்துவர் அதை நம்பாமல், ஒரு சிறு கட்டம் 40 மில்லிவிநாடி என்ற கணக்கில் தாளில் தானே அளந்து, 490க்குக் கொண்டுவந்தார். அந்த இடைவெளியின் முடிவைக் காட்டும் மேடான டி அலை முடியும் இடத்தை இயந்திரம் தவறாகப் பிடிப்பதுண்டு என்றார். டிரெட்மில்லில் ஓடி நின்று 4 நிமிடம் ஆன பிறகும் அந்த இடைவெளி சுருங்கவில்லை.

மரபணுச் சோதனையில் கேசிஎன்க்யூ1 மரபணுவில் மாற்றம் இருப்பது தெரிந்தது. இது நீண்ட க்யூடி நோயின் முதல் வகை. பெரும்பாலும் ஓட்டமும் நீச்சலும்தான் இதைத் தூண்டும். இரண்டாம் வகைக்காரருக்கு அலாரம் போன்ற திடீர் ஒலியே போதுமாம். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளை ஒவ்வொருவருக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மாற்றம் எது என்று தெரிந்துவிட்டதால், குடும்பத்தில் மற்ற 10 பேருக்கும் அந்த ஒன்றை மட்டும் பார்த்தார்கள். செலவு வெகுவாகக் குறைந்தது. அவளையும் சேர்த்து 4 பேருக்கு இருக்கிறது. அவர்களில் என் தம்பியின் ஈசிஜி அப்பழுக்கில்லாதது என்பதால், ஈசிஜியோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கு இருப்பது தெரியாமலே போயிருக்கும். துடிப்பு தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்ய நெஞ்சுக்குள் பொருத்தும் ஐசிடி கருவியைத் தலையில் கட்டாமல், மாத்திரை உட்கொண்டும் மயக்கம் வந்தால் மட்டும் யோசிப்போம் என்று, இதயத் துடிப்பின் வேகத்தை அடக்கும் ப்ரொப்ரானலால் மாத்திரையை எழுதிக்கொடுத்ததையும் சொல்ல வேண்டும்.

குறைகளும் உண்டு. உடலில் ஒட்டி ஒரு நாள் முழுக்க ஈசிஜியைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவிகள் போதாததால் 9 நாள் காத்திருந்தோம். 24 மணி நேரம் குளிக்கக் கூடாது என்பதை இரு வேளை குளிக்கும் நம்மூர்ப் பிள்ளைகளிடம் முன்பே சொல்ல வேண்டாமா? வியர்வையில் ஒட்டுகள் கழன்று, மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. க்யூடி இடைவெளியை மேலும் நீட்டிவிடும் என்பதால் தவிர்க்க வேண்டிய மருந்துகளின் பட்டியலை நாங்கள் கேட்ட பிறகே தந்தார்கள், அதுவும் ஆங்கிலத்தில். சளிக்குத் தரும் அசித்ரோமைசினும், வாந்திக்குத் தரும் ஒண்டான்செட்ரானும் டோம்பெரிடோனும் அதில் இருக்கின்றன. மெடிக்கலில் கேட்டு வாங்கிச் சாப்பிடும் பழக்கமுள்ள ஊரில் இதுதான் முதலில் தர வேண்டிய காகிதம். தமிழில் எழுதி அவளுடைய பள்ளிப் பையில் வைத்திருக்கிறேன்.

குடும்பத்தில் இளவயதுச் சாவு இருந்தால் இங்கே தாராளமாகப் போகலாம். பழைய சாவுகளை நினைவில் வைத்திருக்கும் ஒரு பெரியவரையும் அழைத்துச் செல்லுங்கள். டோக்கன் காலை 7 மணிக்கு, மருத்துவர் வருவது பத்தரைக்கு. அருகில் நல்ல உணவகம் இல்லை என்பதால் அந்தப் பெரியவருக்குக் கஞ்சியும் கொண்டுபோவது நல்லது.