கடற்காற்றில் ஆறு ஆண்டுகள்: தடத்துக்காகப் பற்றவைத்த ஒரு பத்மினி

2019 மார்ச்சில் புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைப் பட்டறையிலிருந்து, பந்தயத் தடத்தில் ஓட்டுவதற்காகப் பற்றவைத்து (வெல்டிங் செய்து) மீட்ட என் பிரீமியர் பத்மினி கார் வெளியே வந்தபோது, அதன் வேலைப்பாட்டைப் பற்றி எழுதும்படி நண்பர்கள் பலர் கேட்டார்கள். அப்போது நான் எழுதவில்லை. புதிதாகப் பற்றவைத்த இணைப்பு எதைப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கும். அது தாங்குமா என்பதைத் தடத்தின் அதிர்வும், ஐப்பசி கார்த்திகை மழையும், இந்த ஊரின் உப்புக்காற்றும்தான் சொல்ல வேண்டும். இப்போது ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. வண்டி சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் 26 நாட்கள் ஓடியிருக்கிறது, ஒரு புயல் வெள்ளத்தில் நின்றிருக்கிறது, மூன்று இடங்களில் விரிசல் விட்டுச் சரிசெய்யப்பட்டிருக்கிறது. அந்த மூன்று விரிசல்களும் தடித்த இரும்பு மெல்லிய தகரத்தைச் சந்திக்கும் இடத்திலேயே தோன்றின என்பதே இந்தப் பகிர்வை எழுத வைத்த காரணம்.

வண்டி 1978 ஆம் ஆண்டுத் தயாரிப்பு. மும்பை குர்லாவில் 1964 முதல் தயாரான ஃபியட் 1100 டிலைட் வண்டியின் வழிவந்தது. 1089 சிசி என்ஜின், ஸ்டீயரிங் தண்டிலேயே கியர், நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளமாக இருந்த சோழவரத்தில் பந்தயங்கள் நடந்த காலத்தில் ஃபியட் வண்டிகள் அங்கே சீறியதை என் தந்தை நேரில் பார்த்தவர். அவர் சொல்லக் கேட்டுத்தான் எனக்கு இந்த வண்டியின் மேல் பற்று வந்தது. 1990 இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் திறக்கப்பட்ட பிறகு பந்தயங்கள் அங்கே இடம்பெயர்ந்தன. பத்மினிக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரைத் தகரமும், கதவுகளுக்கு அடியில் முன்பின்னாக ஓடும் சில் என்ற பெட்டிப் பகுதியும், தரையின் நடுவில் நீளவாக்கில் மேடாக ஓடும் சுரங்கம் போன்ற பகுதியும் சேர்ந்தே வண்டியின் எலும்புக்கூடாக இருக்கின்றன. ஆகவே இந்த வண்டியில் தகர வேலை என்பது எலும்பு வேலைதான்.

நான் வாங்கியபோது அந்த எலும்பு உளுத்துப் போயிருந்தது. முன்பு யாரோ ஒரு பட்டறையில் தரைத் தகரத்தின் மேல் தகரமாக நான்கு அடுக்கு ஒட்டி, பித்தளையால் பற்றவைத்து, மேலே பட்டி பூசி மறைத்திருந்தார்கள். அடுக்குகளுக்கு இடையில் புகுந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளுக்குள்ளேயே அரித்திருந்தது. பித்தளை படிந்த இடத்தில் மறுபடி இரும்பைப் பற்றவைத்தால் இணைப்பு வெடிக்கும் என்பதால், அந்த இடங்களை முழுவதுமாக வெட்டி எடுப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

வேலை செய்த மேஸ்திரி கடலூர் சிப்காட் ஆலைகளில் பல ஆண்டுகள் குழாய் வெல்டிங் பார்த்தவர். கட்டிங் வீலைத் தொடுவதற்கு முன் அவர் நான்கு நாட்களை வெறும் அளவெடுப்பதிலேயே செலவிட்டார். வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி, கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் தண்ணீர்க் குழாயைக் கொண்டே நான்கு மூலைகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார். பிறகு கதவுச் சட்டங்களின் குறுக்கே சதுரக் குழாய்களை வைத்து டேக் அடித்தார், அதாவது பிறகு எடுத்துவிடும்படி புள்ளி புள்ளியாகப் பற்றவைத்தார். இந்தத் தற்காலிகக் குறுக்குக் குழாய்கள் இல்லாமல் தரையையும் சில்லையும் வெட்டினால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எவ்வளவு நேர்த்தியாகப் பற்றவைத்தாலும் கதவு சாத்தாது. அந்த நான்கு நாட்களுக்கும் கூலி கொடுக்க எனக்கு அப்போது மனம் கசந்தது உண்மை. இன்றைக்கும் என் வண்டியின் நான்கு கதவுகளும் ஒரு விரல் அழுத்தத்தில் சாத்துகின்றன. மொத்தச் செலவில் மிகச் சரியாகச் செலவான தொகை அதுவே என்று இப்போது கருதுகிறேன்.

தரைக்கு 1.2 மில்லிமீட்டர் தகரமும், வளைவான வெளிப்பகுதிகளுக்கு 0.9 மில்லிமீட்டர் தகரமும் பயன்படுத்தினோம். இரண்டும் கோல்டு ரோல்டு, அதாவது குளிர்நிலையில் உருட்டிய தகரங்கள். துத்தநாகம் பூசிய கால்வனைஸ் தகரம் துருப்பிடிக்காது என்று கடைக்காரர் வற்புறுத்தினார். ஆனால் துத்தநாகம் வெல்டிங் சூட்டில் ஆவியாகி இணைப்பில் துளைகளை உண்டாக்கும் என்பதோடு, அந்தப் புகை பற்றவைப்பவருக்கே காய்ச்சலைத் தரும் என்பதால் மேஸ்திரி அதை உள்ளே விடவில்லை. வெளிப்பகுதிகள் அனைத்தையும் ஆர்கான் வாயுவைக் கொண்டு செய்யும் வெல்டிங்கில் செய்தார். கார்பன் டை ஆக்சைடு வாயுவில் செய்யும் சிஓ2 வெல்டிங் வேகமானது, செலவும் குறைவு. ஆயினும் அது விட்டுச்செல்லும் இணைப்பு கடினமாக இருப்பதால் சுத்தியலும், தகரத்தின் பின்புறம் பிடிக்கும் டாலி என்ற இரும்புக் கட்டையும் வைத்துத் தட்டிச் சமன்செய்ய இணங்காது. ஆர்கான் இணைப்பு மென்மையானது, தட்டினால் தகரத்தோடு தகரமாகப் படிந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் பற்றவைப்பார், பிறகு ஒரு சாண் தள்ளிப் போய் இன்னொரு சென்டிமீட்டர். முதல் இடம் கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகே அதன் பக்கத்துக்குத் திரும்புவார். “தம்பி, தகரம் கோபப்படறதுக்கு முன்னாடி கையை எடுத்துடணும்” என்று அவர் அடிக்கடி சொல்வார். சூடான தகரம் ஆறும்போது சுருங்கிச் சுற்றுவட்டத்தையும் இழுத்துக்கொள்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடலோர ஊரில் இந்த வேலையைச் செய்யக் கருதுவோர் ஒன்றை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆர்கான் வாயு உருகிய இரும்பின் மேல் ஒரு போர்வைபோல் நின்று காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் தடுக்கிறது. நிமிடத்துக்கு 8 முதல் 10 லிட்டர் வரை மட்டுமே வரும் அந்தப் போர்வையைக் கலைக்க மெல்லிய காற்றே போதும். கோடையில் இங்கே நண்பகலை ஒட்டிக் கடற்காற்று ஏறத் தொடங்குகிறது. அதன் பிறகு செய்த இணைப்புகளில் ஊசிமுனைத் துளைகள் தெரிந்தன. அதனால் ஆர்கான் வேலை காலை ஏழு முதல் பதினொன்று வரை என்றும், பிற்பகலில் வெட்டுவதும் வளைப்பதும் மட்டும் என்றும் ஏற்பாடாயிற்று. உப்புக்காற்றின் இன்னொரு வேலை, தேய்த்துப் பளபளவென்று விட்ட இரும்பு மறுநாள் காலையில் செம்மை பூத்து நிற்பது. காலையில் திறந்த இரும்பை மாலைக்குள் எபாக்சி பிரைமரால் மூடிவிட வேண்டும் என்று ஒரு விதியே வைத்துக்கொண்டோம். மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்த வேலை ஒன்பது மாதம் நீண்டது இதனால்தான். அதில் எனக்குக் குறையில்லை.

இனி ரோல் கேஜ் எனப்படும் பாதுகாப்புக் கூண்டு. மோட்டார் பந்தய விதிகளை வகுக்கும் பன்னாட்டுக் கூட்டமைப்பான எஃப்ஐஏ தன் விதிகளின் 253 ஆம் பிரிவில் சொல்லும் அளவுகளையே பின்பற்றினோம்: ஓட்டுநருக்குப் பின்னால் நிற்கும் முதன்மை வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் தடிப்பும் கொண்ட தையலில்லாக் குழாய், மற்றவற்றுக்கு 38 மில்லிமீட்டர் விட்டமும் அதே தடிப்பும். சந்தையில் எளிதாகக் கிடைக்கும் ஈஆர்டபிள்யூ குழாயில் நீளவாக்கில் ஒரு தையல் ஓடும் என்பதால் அதை அந்த விதிகள் ஏற்பதில்லை. குழாய்கள் சந்திக்கும் முனைகளை மீன்வாய் போல் குடைந்து, வெளிச்சம் நுழையாத அளவுக்குப் பொருத்திய பிறகே பற்றவைத்தார்கள். கூண்டின் எடை 50 கிலோவுக்குச் சற்று மேல் வந்தது. ஆறு ஆண்டுகளில் ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் சிவப்புச் சாயம் தெளித்து, துடைத்து, வெள்ளைப் பொடி அடித்துப் பார்க்கும் பெனட்ரன்ட் சோதனையைச் செய்து வருகிறேன். குழாயும் குழாயும் சேரும் இணைப்பு ஒன்றில்கூட விரிசலைக் காட்டும் சிவப்புக் கோடு இதுவரை தோன்றியதில்லை.

கோடு தோன்றியது கூண்டின் காலடியில், அதாவது அதன் கால் ஒரு தகட்டின் வழியாகத் தரைத் தகரத்தில் உட்காரும் இடத்தில். 2021 பிப்ரவரியில் முன்புற இடது காலின் தகட்டு மூலையில், தரைத் தகரத்தில் 18 மில்லிமீட்டர் நீளத்துக்கு மயிரிழை விரிசல். வெல்டிங் உடையவில்லை, அதன் ஓரத்தை ஒட்டித் தகரம் கிழிந்திருந்தது. தகடு 3 மில்லிமீட்டர் தடிப்பு, 120 சதுர சென்டிமீட்டருக்கு மேல் பரப்பு, எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகள் மூன்று என விதிப்படி எல்லாம் சரியாகவே இருந்தன. தவறு அதன் வடிவத்தில். சதுரமாக, கூர்மூலைகளோடு, தரைத் தகரத்தின் சமதளத்தில் மட்டும் அது படுத்திருந்தது. வளைவில் வண்டி முறுக்கிக்கொள்ளும்போது கூண்டு அசையவில்லை, அசைந்த 1.2 மில்லிமீட்டர் தகரம் அத்தனை சுமையையும் அந்த ஒரு மூலையில் வாங்கிக்கொண்டது. மேஸ்திரி விரிசலின் முனையில் 3 மில்லிமீட்டர் துளையிட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, பற்றவைத்து, பழைய தகட்டை எடுத்துவிட்டு, மூலைகள் உருண்ட புதிய தகட்டை எல் வடிவில் மடித்துச் சில்லின் செங்குத்துச் சுவரில் ஏற்றிப் பொருத்தினார். படுத்த தகரம் நெளியும், நின்ற தகரம் எளிதில் நெளியாது. மற்ற ஐந்து கால்களையும் அதேபோல் மாற்றினோம். நான்கு ஆண்டுகளாக அங்கே கோடு இல்லை.

இதே பாடம் 2022 இல் பின்புற ஷாக் அப்சார்பரின் மேல்முனையில் மறுபடி வந்தது. அங்கே கூடுதல் வலுவுக்காக 5 மில்லிமீட்டர் தகட்டில் பிராக்கெட் (தாங்கி) செய்து, 0.9 மில்லிமீட்டர் தகரத்தில் நேரடியாகப் பற்றவைத்திருந்தோம். வலுவான துண்டை வைத்தால் வலு வந்துவிடும் என்று நானே வற்புறுத்திச் செய்த வேலை அது. பிராக்கெட் கல்லாக நின்றது, சுற்றியிருந்த தகரம் அதன் விளிம்பைப் பிடித்தபடி அரைவட்டமாகக் கிழிந்தது. இப்போது இடையில் 2 மில்லிமீட்டர் தகடு ஒன்று, பிராக்கெட்டைவிட நான்கு புறமும் அகலமாக, முனைகள் ஒடுங்கி இருக்கிறது. துளைகள் இட்டு அவற்றை நிரப்பும் ப்ளக் வெல்டிங்கால் அது தகரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஐந்திலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று என்று தடிப்பு படியிறங்குகிறது.

முதல் விரிசல் இவற்றுக்கெல்லாம் முன்பே, 2020 ஜனவரியில், சைலன்சர் குழாயில் வந்தது. 304 வகை ஸ்டெயின்லெஸ் குழாய், 1.5 மில்லிமீட்டர். உள்ளேயும் ஆர்கான் நிரப்பிப் பற்றவைத்ததால் உட்புறம் சர்க்கரைப் பாகு முறிந்ததுபோல் கருகிப் பொரியாமல் சுத்தமாக இருந்தது. ஆனால் அதைத் தொங்கவிடும் தடித்த பட்டையை வண்டியோடு இறுக்கிவிட்டோம். ஸ்டெயின்லெஸ் சாதாரண இரும்பைவிட அதிகமாக விரியும். 2 மீட்டர் குழாய் 300 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் நீள்கிறது. நீள இடமில்லாத குழாய் பட்டையின் ஓரத்தில் பிளந்தது. ரப்பர் தொங்கியும் நடுவில் வளைந்துகொடுக்கும் ஃப்ளெக்ஸ் இணைப்பு ஒன்றும் வைத்த பிறகு தொல்லை இல்லை. அலுமினிய பெட்ரோல் டாங்க்கைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை; ஒரு சொட்டும் ஒழுகவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதில், ரெயின்போ நகரில் நான் வண்டி நிறுத்தும் கொட்டகையில் சக்கர அச்சின் உயரத்துக்கு நீர் ஏறியது. சில்லின் அடியில் வைத்திருந்த வடிதுளைகள் வழியே உள்ளே போன நீர் அதே துளைகள் வழியே வெளியேறிவிட்டது. மூன்று மாதம் கழித்துச் சிறு கேமரா ஒன்றை உள்ளே செலுத்திப் பார்த்தேன். இடது சில்லில், துருவைத் தடுக்க உள்ளே செலுத்தியிருந்த மெழுகுப் பூச்சு அப்படியே இருந்தது. வலது சில்லில் முன்பாதி முழுவதும் இணைப்புக் கோட்டை ஒட்டித் துரு படர்ந்திருந்தது. 2021 இல் புதிய காலடித் தகட்டை மடித்து ஏற்றியபோது வலப்புறத்தில் அது மெழுகு செலுத்தும் துளையை மூடிவிட்டது. பற்றவைத்த சூட்டில் உள்ளிருந்த மெழுகு எரிந்துபோன பிறகு மீண்டும் பூச வழியில்லாமல் போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. பற்றவைத்த இடத்தின் மறுபக்கத்தை எட்ட முடியுமா என்று பார்க்காமல் ஒரு தகட்டை மூடுவது பெரும்பிழை. என் வண்டியில் நடந்தவற்றுள் நான் இன்றும் வருந்துவது இதற்காக மட்டுமே.

இவ்வகை வேலை செய்த வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு அமைப்பு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. சட்டத்தை விட்டுப் பார்த்தாலும், ஹெல்மெட் அணியாத தலைக்கு அருகில் இரும்புக் குழாய் இருப்பது ஆபத்து. என் வண்டி திண்டிவனம் வழியாக லாரியில்தான் தடத்துக்குப் போய் வருகிறது.

வலது சில்லை வரும் மாசியில் திறக்கப் போகிறோம். மழை ஓய்ந்து, கடற்காற்று வலுப்பதற்கு முன்னால் கிடைக்கும் காலை நேரங்கள் போதும் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். கதவுச் சட்டத்துக்கான குறுக்குக் குழாய்களை அவர் அன்று எறியாமல் பரணில் எடுத்து வைத்திருந்தார். போன வாரம் போய்ப் பார்த்தபோது, எந்தக் குழாய் எந்தக் கதவுக்கு என்று சாக்பீஸால் எழுதியது இன்னும் அழியாமல் இருந்தது.